பேரைச் சொல்லாமல் சொன்னது

“…பேரச் சொல்லலண்ணு சொல்லுதீரு, சரி. ஊரச் சொல்லலண்ணு சொல்லுதீரு, அதுவுஞ் சரி. ஆனா எனக்க வாயையில்லா கொண்டுபோயி அங்க வச்சிட்டு வந்திருக்கீரு. எனக்க வாய எனக்க பெண்டாட்டிக்குத் தெரியாமப் போவுமா ஓய்?”

இதைச் சொன்னவன் கடற்கரையில் ஒரு வலைக் கொட்டகைக்குள், பழைய வலைக் குவியல்மேல் உட்கார்ந்திருந்தான். முப்பத்து நாலு வயது. இடது கையை மடியில் ஒரு துண்டை விரித்து அதன்மேல் வைத்திருந்தான். யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன சாமானை வைத்திருப்பதுபோல இருந்தது அது. முழங்கைக்கு உள்பக்கம் வீங்கி, தோல் பளபளத்தது. பக்கத்தில் ஒரு தீப்பெட்டி கிடந்தது. அதற்குள் தீக்குச்சி இல்லை, ஒரு பழைய ஊசி இருந்தது. ஒரே ஊசியைப் பல நாளாக வைத்திருக்கிறான் என்று பார்த்ததும் தெரிந்தது. அது அவனுடையது மட்டும்தானா, இன்னொருவன் கைக்கும் போய் வந்ததா என்பது தெரியவில்லை.

நான் கொட்டகை வாசலில் நின்றேன். காலை பதினொரு மணி வெயில் முதுகில் அடித்தது. என் தோளில் பை, பைக்குள் உறை பிரிக்காத புது ஊசிகள். அவன் அவற்றை வாங்குவானா மாட்டானா, அது ஒன்றுதான் அப்போது எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அதுவரை அவன் என்னை அண்ணாச்சி என்பான், நீங்க என்பான். அன்றைக்குத்தான் ‘நீரு’ ஆனேன், ‘ஓய்’ ஆனேன். எங்கள் பக்கத்தில் அது வசவு இல்லை. ஒத்த வயதுக்காரர்கள் சாயாக்கடையில் நாள் முழுக்க அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். என்றாலும் அண்ணாச்சியில் இருந்தவனை ஓய்க்கு இறக்கிவைத்தால் எப்படி இருக்கும் என்பது இறங்கியவனுக்குத்தான் தெரியும்.

நான் பெரிய படிப்புக்காரன் இல்லை. ஒன்பதோடு நின்றாயிற்று. நாகர்கோவிலிலிருந்து கடற்கரை ஊர்களுக்குப் போய்வரும் ஒரு மினி பஸ்ஸில் பதினான்கு வருஷம் கண்டக்டராக இருந்தேன். படித்ததெல்லாம் அந்த பஸ்ஸில்தான். பயணிகள் மறந்துவிட்டுப் போன பத்திரிகை, புத்தகம், மருந்துச் சீட்டு, கல்யாண அழைப்பிதழ் எதுவானாலும் வாசிப்பேன். அதைவிட நான் வாசித்தது ஆட்களுடைய பேச்சை. ஒருநாள் டிரைவர் சடக்கென்று பிரேக் போட்டதில் மீன் கூடையோடு முன்னால் வந்து விழுந்த ஒரு அம்மா, எழுந்து சேலையை உதறிக்கொண்டே, “ஏலே, நான் மீன வெட்டுகதே போதும், நீ ஆள வெட்டாண்டாம்” என்றாள். பஸ்ஸே சிரித்தது. நான் டிக்கெட் கட்டின் பின்னட்டையில் அதை எழுதிக்கொண்டேன். அப்படிச் சேர்ந்த அட்டைகள் வீட்டில் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருந்தன. மற்றவர்கள் தபால்தலை சேர்த்தார்கள், நான் ஜனங்களின் வாயைச் சேர்த்தேன்.

பஸ் முதலாளி வண்டியை விற்ற பிறகு ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. போதை மருந்தை ஊசியில் ஏற்றிக்கொள்ளும் ஆட்களைத் தேடிப்போய்ப் பேச வேண்டும். அந்தப் பக்கத்து வழியும் ஆளும் தெரிந்தவன் வேண்டும் என்றார்கள். கோட்டாறில் ஒரு வத்தல் மிளகாய் மொத்தக் கடைக்கு மாடியில் எங்கள் அலுவலகம். படியேறி வருகிறவர்கள் எல்லாரும் தும்மிக்கொண்டேதான் வருவார்கள். ஊரில் அதற்கு ‘ஊசி ஆபீஸ்’ என்று பெயர் விழுந்துவிட்டது.

வேலை இதுதான். போடாதே என்று சொல்ல வீடு இருக்கிறது, கோயில் இருக்கிறது, போலீஸ் இருக்கிறது. எல்லாரும் சொல்லிமுடித்த பிறகும் போடுகிறவன் போட்டுக்கொண்டுதான் இருக்கிறான். அவனிடம் போய், போடத்தான் போகிறாய் என்றால் அடுத்தவன் ஊசியைத் தொடாதே, ஒரு தடவைக்கு ஒரு ஊசி, தனியாக இருந்து போடாதே, கூட இருப்பவனுக்கு மூச்சு மந்தமாகி உதடு நீலம் பாய்ந்தால் பயந்து ஓடாதே, ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடு என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். புது ஊசி கொடுத்து, பழையதை ஒரு வெள்ளை டப்பாவில் திருப்பி வாங்க வேண்டும். ரத்தம் சோதிக்கக் கூட்டிப்போக வேண்டும். விட்டுவிடலாம் என்று அவனுக்கே தோன்றும் நாளில், நாக்கடியில் வைக்கிற மாத்திரை கொடுக்கும் டாக்டரிடம் கூடவே போய் வரிசையில் நிற்க வேண்டும். செத்தவனைத் திருத்த முடியாது, அதனால் முதலில் சாகாமல் பார்த்துக்கொள்வது. நான் புரிந்துகொண்டது அவ்வளவுதான்.

ஊர் அவ்வளவு சுலபமாகப் புரிந்துகொள்ளவில்லை. என் பழைய பஸ் பயணி ஒருவர், இரும்புக்கடை வைத்திருப்பவர், நடுரோட்டில் நிறுத்திக் கேட்டார்: “நீரு ஊருக்கு நல்லது செய்யுதீரா, இல்ல ஊசிக்கு நல்லது செய்யுதீரா?” எனக்குக் கோபம் வரவில்லை. அன்றைக்கு அதையும் எழுதிவைத்தேன்.

எங்கள் வேலையில் முதல் விதி, வருகிறவர்களின் பேரை வெளியில் சொல்லக்கூடாது. பேருக்குப் பதில் ஒரு எண். நான் அந்த விதியை ஒரு நாளும் மீறியதில்லை. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன், சொல்லும்போது காது சூடாகும்.

இவனை முதலில் பார்த்தது இராஜாக்கமங்கலத்துக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரின் சாயாக்கடையில். ஃபைபர் வள்ளத்தில் கூலிக்குக் கடலுக்குப் போகிறவன். நான் விஷயத்தைச் சொல்லி ஊசிப் பொதியை நீட்டியதும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, “அண்ணாச்சி, இது கள்ளனுக்கு டார்ச் லைட் வாங்கிக் குடுத்த மாதிரியில்லா இருக்கு?” என்றான்.

நான் சாயாவைச் சிந்திவிட்டேன். அவ்வளவு சிரிப்பு. “சரி மக்கா, கள்ளன் கெணத்துல விழுந்து சாவாண்டாம்லா?” என்றேன். அவன், “கொள்ளாம்” என்று என் பதிலை மெச்சிப் பொதியைச் சட்டைப் பைக்குள் வைத்தான்.

அதற்குப் பிறகு வியாழக்கிழமை தோறும் வருவான். பழைய ஊசிகளை டப்பாவில் ஒன்று விடாமல் கொண்டுவருவான். அவனைப் பார்க்கத்தான் நான் வியாழக்கிழமைக்குக் காத்திருந்தேன் என்றாலும் பொய்யில்லை. பேச்சு அப்படி. மருந்து கிடைக்காத நாளில் உடம்பு எப்படி இருக்கும் என்று கேட்டேன். “எலும்புக்குள்ள யாரோ இருந்து மீன் செதிலு உரசுகான் அண்ணாச்சி” என்றான். அலுவலகத்தில் அச்சடித்துத் தந்த எந்தக் கையேட்டிலும் இப்படி ஒரு வரி இல்லை. இன்னொரு நாள், சித்திரை வெக்கையில், மணிக்கட்டு வரை பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டையோடு வந்து நின்றான்.

“இந்தச் சூட்டுல எதுக்கு மக்கா முழுக்கைச் சட்டை?”

“கரண்டு போற கம்பிக்கு ஒறை போடாண்டாமா அண்ணாச்சி? யாராவது தொட்டுப்போட்டா?”

எனக்காக அப்போது உதித்த பேச்சு என்று நினைத்தேன். அந்தப் பெருமையோடு பஸ் ஏறி வீட்டுக்குப் போய் எழுதிவைத்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இதை எழுதுவதற்கு அவனிடம் ஆள் அனுப்பிக் கேட்டேன். எழுதட்டும், எனக்க பேச்சு அதுல வரப்பிடாது என்று பதில் வந்தது. அதனால் டார்ச் லைட், மீன் செதிள், கம்பி எதுவும் அவன் சொன்னதில்லை. அவன் சொன்னவற்றின் இடத்தில் நான் வேறு வைத்திருக்கிறேன், அவன் பேச்சாக இனி வருவதும் அப்படித்தான். அவனுடையவை இவற்றைவிட நன்றாக இருந்தன. முதலில் எழுதியிருக்கும் அந்த வாய்ப் பேச்சு மட்டும் அப்படியே அவனுடையது. “அது அவருக்குச் சொன்னதாக்கும், அத அவரே வச்சுக்கிடட்டும்” என்றானாம்.

அவன் மனைவி முந்திரி ஆலையில் வேலை செய்தாள். அதை எங்கள் ஊரில் அண்டி ஆபீஸ் என்பார்கள். பிறந்த வீடு சிதறால் பக்கம். இரண்டு பெண் குழந்தைகள். முந்தின வருஷம் அவன் முப்பது நாள் ஒரு மறுவாழ்வு மையத்தில் இருந்து வந்தான். நாலு மாதம் தொடவில்லை. பிறகு தொட்டான். தொட்டது அவளுக்குத் தெரியாது.

“நானே சொல்லணும் அண்ணாச்சி,” என்றான் ஒருநாள். “பிடிச்சுப்போட்டாண்ணு ஆகப்பிடாது. ஊர்த் திருவிழா கழியட்டும், மாத்திரைக்கு உங்ககூட வாறேன். ரெண்டு மாசம் சரியா நிண்ணுட்டு, ஒரு நாளு அவள உக்கார வச்சு, இன்ன மாதிரி இன்ன மாதிரிண்ணு சொல்லுவேன். அப்பம் அவ அடிச்சாலும் வாங்கிக்கிடலாம்.”

திருவிழாவுக்கு ஒரு மாதம் இருந்தது. நான் டாக்டரிடம் சொல்லி வைத்தேன்.

அந்த ஒரு மாதத்துக்குள்தான் கூட்டம் வந்தது. அதே கடற்கரையில், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் இரண்டாம் பூசைக்குப் பிறகு, பங்கு மண்டபத்தில் மகளிர் குழுப் பெண்களுக்கு நான் பேச வேண்டும். நாற்பது பேர் இருப்பார்கள். கை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முன் வரிசையில் ஒரு அம்மா, நான் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள், “ஊசி குடுக்க ஆளு நீங்கதானா? எங்க வீட்டுல உள்ளவனுவ குடிச்சுச் சாவது போராதுண்ணா இதயும் கொண்டு வந்திய?” என்றாள்.

கையேட்டில் உள்ளதைச் சொல்லிப் பார்த்தேன். கிருமி, ரத்தம், கல்லீரல். மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. ஒரு குழந்தை கொட்டாவி விட்டது, அதன் அம்மாவும் விட்டாள். பதினான்கு வருஷம் பஸ்ஸில் நின்ற எனக்கு ஒரு கூட்டத்தின் முகம் தெரியும். என் கையில் ஒரு வித்தை இருக்கிறது என்பதும் தெரியும்.

“நம்ம கடப்புறத்துலயே ஒரு ஆளு உண்டும்,” என்று ஆரம்பித்தேன்.

டார்ச் லைட்டைச் சொன்னேன். முன் வரிசை அம்மாவே சிரித்தாள். மீன் செதிளைச் சொன்னேன். மண்டபம் அடங்கிப்போயிற்று. அந்த அடக்கத்தில் எனக்கு ஒரு குளிர் ஏறியது, நல்ல குளிர். இனி எதைச் சொன்னாலும் கேட்பார்கள். அப்போது முழுக்கைச் சட்டையைச் சொன்னேன். வெறுமனே சொல்லவில்லை. அவன் தலையை ஒரு பக்கம் சாய்க்கிற சாய்ப்பு, கடைசி எழுத்தை இழுத்துக்கொண்டு போய் ஒரு மேட்டில் ஏற்றி நிறுத்துகிற இழுப்பு, எல்லாவற்றோடும் சொன்னேன். “கரண்டு போற கம்பிக்கு ஒறை போடாண்டாமா?”

மண்டபம் சிரிப்பால் நிறைந்தது. மூன்றாவது வரிசையில் பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது, கை மட்டும் வாயிலேயே இருந்தது. தரையைப் பார்த்தாள். நான் அவளைக் கவனித்தேன். பேச்சு ஒருத்தியைத் தொட்டுவிட்டது என்று நினைத்தேன். கடவுளே, அதைத்தான் நினைத்தேன்.

பிறகு சொல்ல வேண்டியதெல்லாம் சொன்னேன். ஊசியோடு பிடிபட்டவனை அடித்து வெளியே தள்ளினால் அவன் தனியாகப் போய்ப் போடுவான், தனியாகப் போடுகிறவன்தான் சாகிறான் என்றேன். தலையாட்டினார்கள். கூட்டம் முடிந்து எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள். பச்சைச் சேலைப் பெண் தம்ளரைக் கையில் வாங்காமல் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அந்த ஆளு இப்பவும் போடுதாரா?” என்று கேட்டாள்.

இந்தக் கேள்விக்கு நூறு பதில் இருந்தன. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அது பழைய கதை என்று சொல்லியிருக்கலாம். எதற்காகக் கேட்கிறாய் என்று திருப்பிக் கேட்டிருக்கலாம். நான் அவள் கலங்கியிருக்கிறாள் என்று கண்டு, ஆறுதல் சொல்கிற குரலில், “போடுதாருதான் மக்கா. ஆனா சுத்தமா, நல்ல ஊசியிலதான் போடுதாரு. நான்தான் குடுக்கேன். நீ பயப்படாண்டாம்” என்றேன்.

“சரி,” என்றாள். வெயிலுக்குள் இறங்கிப் போனாள்.

எங்கள் அலுவலகத்தில் என்னோடு ஒருவர் வேலை செய்கிறார். அவரே முன்பு ஊசி போட்டவர், விட்டு ஐந்து வருஷம் ஆகிறது. அதிகம் பேசமாட்டார், ஒரு பழைய பைக் வைத்திருக்கிறார். மறுநாள் அவரிடம், கூட்டத்தை எப்படிக் கையில் எடுத்தேன் என்று விரிவாகச் சொன்னேன். தண்ணீர் குடித்துக்கொண்டே கேட்டார்.

அந்த வியாழக்கிழமை அவன் வரவில்லை. கடலுக்குப் போயிருப்பான் என்று நினைத்தேன். அடுத்த வியாழனும் வரவில்லை. மூன்றாவது வாரம் சக ஊழியர் வந்து என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்தார்.

“அண்ணாச்சி, அவனுக்க பெண்டாட்டி பிள்ளையள கூட்டிட்டு சிதறாலுக்குப் போயாச்சு. வள்ளக்காரரு காதுலயும் விழுந்து, இனி வள்ளத்துல ஏறாதண்ணு சொல்லிட்டாரு. இப்பம் எங்க கெடக்கான்னு தெரியல.” என் மேசைப் பக்கம் குனிந்தார். “அந்தக் கூட்டத்துல நீங்க பேசினது இவனப் பத்தியோ?”

பச்சைச் சேலை யார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

“பேரச் சொல்லல,” என்றேன்.

“நீங்க பேசினா பேரு எதுக்கு?” என்றார். “அச்சு அசலா அவனையில்லா கொண்டு நிறுத்துவிய.”

அவர் அதைத் திட்டாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. என்னைப் பாராட்டுகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் வார்த்தைதான் அது.

அன்று மாலை மாதாந்திரப் படிவத்தில் அவன் எண்ணுக்கு எதிரே ‘தொடர்பில் இல்லை’ என்று எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில் ‘ஊர் மாறியிருக்கலாம்’ என்று எழுதினேன். மேலாளர் அம்மா கையெழுத்துப் போட்டார். சக ஊழியர் படிவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பைக் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கூட்டத்தில் பேசியதைத் தெரியாமல் செய்த பிழை என்று யாராவது மன்னிக்கலாம். அந்தக் கட்டத்தில் எழுதியதைத் தெரிந்துதான் எழுதினேன். பிறகு மேலாளரிடம் உண்மையைச் சொன்னேன் என்பதால் அது மாறிவிடாது.

சிதறாலுக்குப் போய் அந்தப் பெண்ணிடம் பேசலாமா என்று ஒருநாள் பஸ் நிறுத்தம் வரை போனேன். பஸ்ஸும் வந்தது. என்ன சொல்வேன்? அவன் உன்னிடம் தானே சொல்ல நினைத்திருந்தான் என்றா? அதுவும் அவன் என்னிடம் சொன்ன ரகசியம்தான். வாயைத் திறந்தால் இன்னொரு முறை அவனை எடுத்துக் கொடுப்பதாக ஆகும். கண்டக்டர், “ஏறுதியளா இல்லியா?” என்றார். ஏறவில்லை.

நான் வெட்கப்படுவது காட்டிக்கொடுத்ததற்கு மட்டும் இல்லை. அந்தக் கூட்டத்தில் அவன் வலியைச் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவன் எலும்புக்குள் உரசியது எனக்கு ஒரு நல்ல வரியாக இருந்தது. நாற்பது பெண்கள் சிரித்தபோது நான் நினைத்தது அவர்கள் பிள்ளைகளையா, என்னையா? இதை எத்தனை முறை கேட்டுப் பார்த்தாலும் ஒரே பதில்தான் வருகிறது. இப்போதெல்லாம் கூட்டங்களில் சொல்ல வேண்டியதை வெறுமனே சொல்கிறேன். ஜனங்கள் கொட்டாவி விடுகிறார்கள். விடட்டும். பிஸ்கட் டின்னை எரித்துவிட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். எரிக்கவில்லை. அலமாரிக்கு மேலே இருக்கிறது. இரண்டு தடவை எடுத்து அவன் அட்டையைப் பார்த்திருக்கிறேன்.

ஐந்தாவது வாரத்தில் சக ஊழியர் அவன் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தார். யாரும் இப்போது பயன்படுத்தாத வலைக் கொட்டகை. கை வீங்கியிருக்கிறது, காய்ச்சல் இருக்கிறது, ஆஸ்பத்திரிக்கு வா என்றால் வரமாட்டேன் என்கிறான், ஊசி கொடுத்தால் ‘அந்த ஆபீஸ் சாமானம் வேண்டாம்’ என்று தள்ளுகிறான் என்றார். அவருடைய பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனேன். தென்னந்தோப்பு முடிகிற இடத்தில் அவர் வண்டியை நிறுத்தினார்.

“நீங்களும் வாருங்களேன்,” என்றேன்.

“பேசினது நீங்க. நீங்களே போய்ப் பேசுங்க,” என்றார். வண்டியை அணைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

மணலில் நடந்தபோது என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். தப்பு என் பேரில்தான் மக்கா என்று ஆரம்பிக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். கொட்டகை வாசலில் அவனைப் பார்த்ததும் என் வாயில் வந்தது வேறு.

“மக்கா, நான் பேரச் சொல்லல கேட்டியா. ஊரயும் சொல்லல.”

ஊரைச் சொல்லவில்லை என்பதுகூட முழு உண்மை இல்லை. நம்ம கடப்புறம் என்று சொன்னேனே.

அவன் நிமிர்ந்து பார்த்தான். மெலிந்திருந்தான். கண் காய்ச்சலில் மினுங்கியது. குரல் மட்டும் அதே குரல்.

“அண்ணைக்குக் கூட்டம் முடிஞ்சு வந்தா. நான் கட்டில்ல கெடக்கேன். பக்கத்துல வந்து நிண்ணுட்டு, ‘கம்பியக் கொஞ்சம் காட்டுங்க, பாப்போம்’ண்ணா. எனக்கு ஒண்ணும் ஓடல. வீட்டுல எத்தன நாளு அவகிட்டச் சொன்ன பேச்சாக்கும் அது. மூத்தவ அதக் கேட்டுக் கேட்டு, நான் சட்ட போடும்போதெல்லாம் ‘அப்பா ஒறை போடுது’ம்பா. சின்னவளுக்குக்கூடத் தெரியும்.”

அவன் வீட்டில் நான்கு பேருக்கும் தெரிந்த ஒரு விளையாட்டைத்தான் நான் எனக்குச் சொன்னதாக எடுத்துவைத்திருந்தேன்.

“அவளே பட்டன அவுத்தா,” என்றான். “ஒவ்வொண்ணா. நான் தடுக்கல. கையப் பாத்துட்டு அழுவாண்ணு நெனச்சேன், அழல. ‘எனக்கிட்ட எப்பம் சொல்லுகதா இருந்திய’ண்ணு ஒரு கேள்விதான் கேட்டா. திருவிழா கழிஞ்சுண்ணு அப்பம் நான் சொன்னா யாரு நம்புவா?”

“நான் வந்து சொல்லுகேன் மக்கா. அவகிட்ட நான் வந்து…”

“நீரு சொன்னது போரும்,” என்றான். அப்போதுதான் அந்த ‘நீரு’ வந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, ஆத்திரமே இல்லாத குரலில், நான் முதலில் எழுதியிருக்கும் அந்தப் பேச்சைப் பேசினான். பேரைச் சொல்லவில்லை சரி, ஊரைச் சொல்லவில்லை சரி, ஆனால் என் வாயைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்திருக்கிறீரே என்று.

பையிலிருந்து ஊசிப் பொதிகளையும் வெள்ளை டப்பாவையும் எடுத்து நீட்டினேன். “திட்டணும்ணா திட்டு, அடிக்கணும்ணா அடி. இத மட்டும் வாங்கிக்க. அந்தத் தீப்பெட்டியில உள்ளத இனிப் போடாத. கைக்கு இப்பமே ஆஸ்பத்திரிக்குப் போணும், காய்ச்சல் இருந்தா அது ரத்தத்துல ஏறிரும்.” என் கை நீட்டியபடியே இருந்தது. அவன் கை மடியை விட்டு எழவில்லை. கொட்டகைக்குள் மீன் கொண்டுபோகும் தெர்மாகோல் பெட்டி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அவன் தாடையால் அதைக் காட்டினான். பொதிகளையும் டப்பாவையும் அதன்மேல் வைத்தேன். வைத்த பிறகும் அவன் அசையவில்லை. நான் வெளியே வந்து நாலைந்து எட்டுத் தள்ளி, ஒரு தென்னையின் பக்கம் நின்றுகொண்டேன்.

வலதுகையை ஊன்றி எழுந்தான். பெட்டியருகே வந்து பொதிகளை ஒவ்வொன்றாக எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, உறை கிழிந்திருக்கிறதா என்று பார்த்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். தீப்பெட்டியைத் திறந்து பழைய ஊசியை டப்பாவில் போட்டான். ஒரு கையால் மூடி இறுகவில்லை, முழங்காலால் அழுத்தி இறுக்கினான். டப்பாவைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்குள் வந்து, என் காலுக்கு ஒரு முழம் முன்னால் மணலில் வைத்தான். என் முகத்தைப் பார்க்காமல் என்னைத் தாண்டி, தோப்பு முடிகிற இடத்துக்கு நடந்தான். நான் வந்த அதே பைக்கில் பின்னால் ஏறி உட்கார்ந்து, வீங்கின கையை என் சக ஊழியரின் தோள்மேல் தூக்கி வைத்துக்கொண்டு, “ஆஸ்பத்திரிக்கு விடு மக்கா” என்றான், அவரிடம்.